கேட்டுக்குள் வந்த மாடு

எங்கள் தெருமுனையில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் இருபது கார் நிறுத்த இடம் கிடையாது. நம்மூர் மண்டபங்களின் கணக்கே அப்படித்தான்.

ஒரு முகூர்த்த நாள் காலை. பால் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். என் வீட்டு கேட்டுக்குள், போர்ட்டிகோவை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. யாருடையது? தெரியாது. உறவுக்காரர்களா? ம்ஹும். கோலம் போடுவதற்காக மனைவி கேட்டைத் திறந்து வைத்திருக்கிறாள். போட்டு முடித்து, கோலமாவு டப்பாவை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் ஜம்மென்று ஓட்டி வந்து நிறுத்தி, பூட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

என் வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது. மண்டபத்துக்கு ஓடினேன். மைக்கில் கார் நம்பரைச் சொல்லச் சொன்னேன். சொன்னார்கள். கெட்டிமேளத்துக்கு நடுவே அது யார் காதில் விழும்?

அடியேன் பி.காம். இரண்டாம் வருஷத்தில் மெர்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் 'லியன்' என்று ஒரு சங்கதி வரும். ஒரு பொருளை ரிப்பேர் செய்து கொடுத்தவன், கூலி கைக்கு வரும்வரை அந்தப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பாதி மறந்துபோன அந்தப் பாடம், தப்பான நேரத்தில் நினைவுக்கு வந்தது. என் இடத்தில் உன் பொருள் இருக்கிறதா? வா மகனே! கேட்டை இழுத்துச் சாத்தினேன். வீட்டில் இருந்ததிலேயே பெரிய பூட்டாகப் பார்த்துப் போட்டேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஆபீஸ் போய்விட்டேன்.

பதினொன்றரைக்கு மனைவியிடமிருந்து போன். "அவங்க வந்துட்டாங்க. சாவியையும் எடுத்துட்டுப் போயிட்டீங்களே? ஒரு மணிக்கு எழும்பூர்ல ரயிலாம். பெட்டியெல்லாம் காருக்குள்ள இருக்கு. கூட வயசான அம்மா ஒருத்தங்க வேற."

"நல்லா நிக்கட்டும்" என்றேன். சொன்ன அந்த விநாடி எப்படி இனித்தது தெரியுமா?

சாவகாசமாகக் கிளம்பி வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ரயில் போய்விட்டது. அந்த அம்மா எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து, மனைவி கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். மகன் சண்டைக்குத் தயாராக இருந்தார். "கேட் திறந்திருந்தது சார், அதான் விட்டேன்" என்பது அவருடைய வாதம். நானும் தயாராகத்தான் இருந்தேன். அந்த அம்மா குறுக்கே வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"தப்பு பண்ணினது இவன். எனக்கு எதுக்குத் தம்பி தண்டனை?"

என்னிடம் பதில் இல்லை. பூட்டைத் திறந்துவிட்டேன்.

ஆனால் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டுவிட்டது. என் இடத்துக்குள் கேட்காமல் வந்து நிற்கும் அடுத்தவன் பொருளை நான் பிடித்து வைக்கலாமா, கூடாதா? தேடிப் போனால், அட! இந்தக் கேள்விக்கு வயது எழுநூறுக்கும் மேலே. கார் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கோர்ட்டுகள் இதோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. அப்போது உள்ளே வந்து நின்றது, மாடு.

*

இங்கிலாந்துக்குப் போவோம். மத்தியகாலம். உங்கள் வயலில் பக்கத்து வீட்டுக்காரன் மாடு புகுந்து மேய்கிறது. நீங்கள் என்ன செய்யலாம்? மாட்டைப் பிடிக்கலாம். மேய்ந்த நஷ்டத்துக்கு ஈடு வரும்வரை திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். அந்த நாட்டின் பொதுச் சட்டம் இந்த உரிமையைக் கொடுத்திருந்தது. கிட்டத்தட்ட நான் போட்ட பூட்டு மாதிரிதான்.

ஆனால், கூடவே நிபந்தனைகளும் இருந்தன. மாடு நஷ்டம் செய்திருக்க வேண்டும். சும்மா வந்து நின்றதற்காகப் பிடிக்க முடியாது. பிடித்த மாட்டை ஊருக்குப் பொதுவான பட்டியில் அடைக்கலாம். அதற்கு அங்கே 'பவுண்டு' என்று பெயர். காசு பவுண்டு வேறு, இந்தப் பவுண்டு வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம். திறந்த பட்டியில் அடைத்தால் மாட்டுக்காரனே வந்து தீனி போட்டுக்கொள்ளலாம். நீங்கள் உங்கள் கொட்டிலுக்குள் பூட்டி வைத்தால், தீனி உங்கள் பொறுப்பு. பிடித்தவன் மாட்டைப் பட்டினி போட முடியாது. 1267-ல் வந்த மார்ல்பரோ சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அடுத்தவன் பொருளைப் பிடித்து வைப்பது நியாயமான அளவில் இருக்க வேண்டும், அளவு மீறினால் பிடித்தவனுக்கே அபராதம் என்றது.

கவனித்தீர்களா? கோபத்தில் இருப்பவன் கையில் ஓர் உரிமையைக் கொடுத்த கையோடு, அதற்கு ஒரு மூக்கணாங்கயிறும் போட்டுவிட்டார்கள்.

மாட்டோடு நிற்கவில்லை கதை. 1852 ஆகஸ்டில் நாட்டிங்காம் நகரில் நடந்ததைப் பாருங்கள். மிட்லண்ட் ரயில்வே கம்பெனியின் ஸ்டேஷனுக்குள், அதன் போட்டிக் கம்பெனியான கிரேட் நார்தர்னின் இன்ஜின் ஒன்று ரயிலை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. மிட்லண்ட்காரர்கள் கொதித்துப் போனார்கள். தங்கள் இன்ஜின்களை விட்டு அதைச் சுற்றி வளைத்தார்கள். ஒரு பழைய ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய் அடைத்தார்கள். அதோடு விட்டார்களா? வெளியே வர வழியில்லாதபடி தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஏழு மாதம் அந்த இன்ஜின் ஜெயிலில் இருந்தது. விஷயம் கோர்ட்டுக்குப் போனபோது பேசப்பட்டது எது என்கிறீர்கள்? அதே பழைய மாட்டுச் சட்டம்தான். மேய்ந்த மாட்டைப் பிடிக்கலாம் என்றால், மேய்ந்த இன்ஜினை ஏன் பிடிக்கக் கூடாது?

*

இப்போது நம்மூர்.

கிராமத்து ஆட்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பட்டி மேயும் மாட்டுக்குக் கொண்டி மாடு என்று பெயர். அதைப் பிடித்து அடைக்கிற இடம் கொண்டித் தொழு. வெள்ளைக்காரன் வந்த பிறகு அதுவும் பவுண்டு ஆனது. "மாட்டைப் பவுண்டுல அடைச்சுட்டாங்க" என்று தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பவுண்டுக்குப் பின்னால் இருப்பது 1871-ல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டம்.

படித்துப் பார்த்தால் அசந்துபோவீர்கள். அத்தனை நுணுக்கம். உங்கள் நிலத்தில் புகுந்து பயிரை நாசம் செய்யும் மாட்டை நீங்கள் பிடிக்கலாம். ஆனால் 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பிவிட வேண்டும். உங்கள் கொல்லையில் கட்டி வைத்துக்கொண்டு பேரம் பேசக் கூடாது. அபராதத்தை நீங்கள் முடிவு செய்ய முடியாது. சட்டத்திலேயே பட்டியல் இருந்தது. ஆட்டுக்கு 1 அணா. கழுதைக்கும் பன்றிக்கும் 2 அணா. பசுவுக்கும் காளைக்கும் 4 அணா. எருமைக்கும் ஒட்டகத்துக்கும் 8 அணா. யானை வந்தால் 2 ரூபாய்! யானையை யார் பிடித்துக்கொண்டு போய் அடைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

யாரும் உரிமை கோரி வராவிட்டால் அறிவிப்புக் கொடுத்து ஏலம் விடுவார்கள். அந்த ஏலத்தில் பவுண்டு காப்பாளரோ, போலீஸ்காரரோ நேராகவும் வாங்கக் கூடாது, பினாமி வைத்தும் வாங்கக் கூடாது. அநியாயமாகப் பிடித்திருந்தால் மாட்டுக்காரர் பத்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பிடித்தவர் 100 ரூபாய் வரை நஷ்டஈடு தர வேண்டியிருக்கும். அந்தக் காலத்து நூறு ரூபாய்!

ஒரு காமர்ஸ்காரனாக எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்தது ஒன்றுதான். மாட்டைப் பிடிப்பவர் ஒருவர். அடைத்து வைப்பவர் இன்னொருவர். தொகையைச் சொல்வது மூன்றாவதாக ஒரு பட்டியல். மாடு அதிகமாகப் புகுந்தால் அதிக லாபம் என்கிற நிலைமை இவர்களில் யாருக்கும் இருக்கக் கூடாது என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

காருக்கு இப்படி யாரும் யோசிக்கவில்லை. என்ன ஆனது?

*

அமெரிக்காவில் டென்வர் நகரம். 1950-களின் தொடக்கம். பார்க்கிங் அபராதத்தைக் கட்டாமல் டபாய்க்கிற கார்களைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போய் அடைத்தது. காரை எடுக்க வந்தவர்கள், 'உள்ளே வைத்திருந்த சாமானைக் காணோம்' என்று போலீஸ் தலையிலேயே கை வைத்தார்கள். இந்தத் தலைவலிக்கு மருந்து கண்டுபிடித்தவர் ஃபிராங்க் மரக். அவர் யார்? டென்வர் சிம்பனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். காரை ஏன் இழுக்க வேண்டும், நின்ற இடத்திலேயே சக்கரத்தைப் பூட்டிவிட்டால் என்ன? 1955 ஜனவரியில் அந்தப் பூட்டு வேலைக்கு வந்தது. 'டென்வர் பூட்' என்று பெயர். பூட் என்றால் அங்கே காலணி. நமக்கு அது பூட்டு. பொருத்தம்தான்.

1983-ல் அது லண்டன் போலீஸின் கைக்கு வந்தது. அதுவரை பரவாயில்லை. அரசாங்கத்தின் பூட்டு, அரசாங்கத்தின் அபராதம். அப்புறம்தான் தனியார் ஆட்கள் மூக்கில் வேர்த்தது.

தொழிலின் கணக்கைப் பாருங்கள். உங்களிடம் ஒரு காலி இடம் இருக்கிறது. கண்ட கண்ட கார் வந்து நிற்கிறது. ஒரு கம்பெனி வருகிறது. 'எங்களுக்கு நீங்கள் சல்லிக்காசு தர வேண்டாம். ஒரு பலகை மாட்ட அனுமதி கொடுங்கள். நிற்கிற காரைப் பூட்டுவோம். பூட்டைத் திறக்க வாங்கும் காசை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.' கசக்குமா உங்களுக்கு? முதலீடு என்று பார்த்தால் நாலு பூட்டு, ஒரு வேன், ஒரு பலகை. அவ்வளவுதான்.

ஓட்டை எங்கே இருக்கிறது? இடத்துக்காரருக்கு வேண்டியது, ஒரு காரும் வரக் கூடாது. பூட்டுக் கம்பெனிக்கு வேண்டியது, கார் வந்துகொண்டே இருக்க வேண்டும். பலகை எல்லோர் கண்ணிலும் பட்டால் அவன் பிழைப்பில் மண். கண்ணில் படாமல் இருந்தால் கல்லா நிறையும். கோபத்தைக் குத்தகைக்கு விட்டால் இதுதான் நடக்கும்.

ஸ்காட்லாந்து சட்டென்று விழித்துக்கொண்டது. 1992-ல் அங்கே உயர் குற்றவியல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. பூட்டைத் திறக்க 45 பவுண்டு கேட்ட ஆட்கள்மேல் குற்றச்சாட்டு. தலைமை நீதிபதி லார்ட் ஹோப் தயங்கவில்லை. கோர்ட்டுக்குப் போகாமல் அடுத்தவன் பொருளைப் பணயம் வைத்துக் காசு கேட்பது மிரட்டிப் பணம் பறித்தல். காரைப் பயன்படுத்த விடாமல் முடக்கி வைப்பது திருட்டு. தீர்ந்தது. ஸ்காட்லாந்தில் தனியார் பூட்டின் கதை அத்தோடு முடிந்தது.

இங்கிலாந்து அப்படி முடிக்கவில்லை. 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ட்ரூரோ என்ற ஊரில் தனியார் இடத்தில் காரை நிறுத்தியவருக்குப் பூட்டு விழுந்தது. கட்டணம் 40 பவுண்டு. அவர் கட்ட மறுத்தார். ராத்திரியோடு ராத்திரியாக வந்து, காரைப் பூட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்! பூட்டுக்காரர்கள் தரப்பு பழைய மாட்டுச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து வந்தது. நீதிபதி சர் தாமஸ் பிங்ஹாம் அதை ஏற்கவில்லை. மாடு மேய்ந்தது, நஷ்டம். கார் சும்மா நின்றது, என்ன நஷ்டம்? ஆனால் வேறொரு வாசலைத் திறந்துவிட்டார். எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த பிறகும் நிறுத்தினால், பூட்டுக்குச் சம்மதித்ததாகத்தான் அர்த்தம். கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், காசு கொடுத்தால் தாமதிக்காமல் திறந்துவிட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்.

பலகையைப் பார்த்த பிறகு. சரி, பார்க்கவில்லை என்றால்?

அதற்கும் ஆள் வந்தார். கிழக்கு லண்டனில் கார் ஓட்டிக்கொண்டு போன ஒரு பெண்ணுக்கு உடம்பு முடியாமல் போனது. ஒரு தனியார் இடத்தில் காரை ஒதுக்கிவிட்டு இறங்கி வாந்தி எடுத்தார். மூன்று, நான்கு நிமிடம். திரும்பி வந்தால் சக்கரத்தில் பூட்டு. பலகையை வேறொரு வண்டி மறைத்துக்கொண்டு நின்றது. திறப்பதற்கு நூறு பவுண்டுக்கு மேல் அழுதார். 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பார்க்காத பலகைக்குச் சம்மதம் இல்லை.

அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் வாசல்படியில் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்த அம்மாதான் எனக்கு ஞாபகம் வந்தார். பூட்டு ஆள் பார்த்து விழுவதில்லை. திமிரோடு நிறுத்துகிறவன் மேலும் விழும், தலை சுற்றி ஒதுங்குகிறவர் மேலும் விழும்.

2001-ல் சட்டம் போட்டு, பூட்டுக்காரர்களுக்கு லைசென்ஸ் முறை கொண்டுவந்தார்கள். புகார் நின்றபாடில்லை. கடைசியில் 2012-ல் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம். அந்த அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சட்டபூர்வ அதிகாரம் இல்லாமல் அடுத்தவர் காரைப் பூட்டினாலோ, இழுத்துக்கொண்டு போனாலோ குற்றம். ஏற்கெனவே நிலையாக இருக்கும் தடுப்புக்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு. மற்றபடி உங்கள் சொந்த வீட்டு வாசலில் நின்றாலும் கை வைக்க முடியாது.

வாகன ஓட்டிகள் பட்டாசு வெடிக்காத குறை. வீட்டுக்காரர்களுக்கோ புதுத் தலைவலி. அங்கே உங்கள் வாசலை மறித்துக்கொண்டு பொதுச் சாலையில் ஒரு கார் நின்றால், உள்ளாட்சி வந்து அபராதச் சீட்டு ஒட்டலாம். அதே கார் இன்னும் பத்தடி உள்ளே வந்து உங்கள் இடத்திலேயே நின்றுவிட்டால்? 'இது சிவில் விவகாரம், நீங்கள் வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள்' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். முழுசாக நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்கிற கதை.

பூட்டுக் கம்பெனிகளின் தொழில் என்ன ஆனது? சட்டை மாற்றிக்கொண்டது. இப்போது பூட்டுக்குப் பதில் கேமரா, தபாலில் வரும் ரசீது. வண்டி யார் பெயரில் இருக்கிறது என்ற விவரத்தை அந்நாட்டின் வாகனப் பதிவு அமைப்பு தலா இரண்டரை பவுண்டுக்குக் கொடுக்கிறது. வருஷத்துக்கு ஒரு கோடிக்கு மேல் விண்ணப்பம். செம்ஸ்ஃபோர்டு நகரில் ஒரு கார் பார்க்கிங்கில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண்டு கேட்டதை, 2015 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சரி என்றது. கடைக்கும் கார் பார்க்கிங்கிற்கும் வழி பிறந்துவிட்டது. ஒற்றை வீட்டுக்காரர் மட்டும் வாசலில் நின்று கையைப் பிசைகிறார்.

*

நாம் மட்டும் என்ன வாழ்கிறோம்? நமது 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்துப் போலீஸ் வண்டியை இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அது பொது இடத்தில் நிற்கிற வண்டிக்கு. உங்கள் காம்பவுண்டுக்குள் நிற்பது அதில் வராது. 1871-ல் யானைக்குக்கூட விலை போட்டு வைத்தவர்கள் நாம். காருக்கு ஒரு கொண்டித் தொழு நம்மிடம் இல்லை. அதனால்தான் ஆளாளுக்குச் சொந்தச் சட்டம் எழுதிக்கொள்கிறோம். 'நோ பார்க்கிங், மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று கேட்டில் பலகை பார்த்திருப்பீர்கள். நீதிபதி, போலீஸ், பஞ்சர் கடைக்காரர் மூவரும் ஒரே ஆள்!

நான் போட்ட பூட்டும் அந்த ரகம்தான். நான் பிடித்தேன், நானே அடைத்தேன், தண்டனை எவ்வளவு நேரம் என்பதையும் நானே முடிவு செய்தேன். மார்ல்பரோ சட்டம் என்மேல் பாய்ந்திருந்தால் அபராதம் எனக்குத்தான். இடம் என்னுடையது, சந்தேகமே இல்லை. அவர் செய்தது தப்பு, அதிலும் சந்தேகமில்லை. ஆனால் பதினொன்றரைக்கே திறந்திருந்தால் என் உரிமையில் ஒரு அங்குலம்கூடக் குறைந்திருக்காது. ரயில் மட்டும் கிடைத்திருக்கும். அந்த அம்மாவை ராத்திரி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

உங்கள் வாசலிலும் ஒருநாள் இது நடக்கும். முதலில் நம்பர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். பக்கத்தில் விசேஷம் நடக்கும் இடத்தில் சொல்லுங்கள். ஆள் வராவிட்டால் போலீசுக்குப் போன் செய்யுங்கள். வருகிறாரோ இல்லையோ, மூன்றாவது ஆள் ஒருவர் காதில் விஷயம் போய்விடும். டயர் பக்கம் மட்டும் போகாதீர்கள். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கும் போகாதீர்கள்.

மனைவி இப்போதெல்லாம் கேட்டைச் சாத்திவிட்டுத்தான் கோலம் போடுகிறாள். நான் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். 'உள்ளே நிறுத்த வேண்டுமா? கேட்டுவிட்டு நிறுத்துங்கள்' என்று எழுதி, கீழே என் போன் நம்பர். முகூர்த்த நாள்களில் அழைப்பு வருகிறது. "சார், ஒரு அரை மணி நேரம் உள்ள விட்டுக்கவா?" சில நாள் சரி என்கிறேன். சில நாள் முடியாது என்கிறேன்.

முடியாது என்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரவில்லை. சரி சார் என்று வைத்துவிடுகிறார்கள்.